கூடை கேட்டு வந்த பல்கலைக்கழகத் தம்பிமாருக்கு

வாங்க தம்பிமாரே, திண்ணையில உக்காருங்க. தங்கச்சி, நீயும் உக்காரும்மா. அந்த நோட்டீசைக் குடுங்க, கண்ணாடி போட்டுப் பாக்கேன். ம்ம். தாளு வழவழன்னு இருக்கு. மேல மூடுபனி, நடுவுல தேயிலை, ஓரத்துல கூடையோட ஒரு பொம்பளை; முகம் தெரியல. முகம் தெரியாம எடுத்தாத்தான் கலைன்னு உங்க பாடத்துல இருக்கும் போல.

விஷயம் புரிஞ்சுது. உங்க பல்கலைக்கழகத்துக் கலைக்கூடத்துல எங்க மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பத்திக் கண்காட்சி வைக்கப் போறிய. அதுவும் பண்டிதருக்காக இல்ல. ஊர்ச்சனத்தோட சேந்து, ஊர்ச்சனத்துக்காக. நல்லது. அதுக்குக் கொழுந்துக்கூடை வேணும், இடுப்புல சுத்துத படுதா வேணும், கம்பளி வேணும், பழைய சம்பளச் சீட்டு வேணும், கூடவே ஒரு பாட்டும் கொஞ்சம் கண்ணீரும் வேணும். கண்ணீரை நீங்க வாய்விட்டுக் கேக்கல. அந்த ரெக்கார்டரை எம் மூஞ்சிக்கு முன்னால வச்சிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டிய பாருங்க, அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஆயுசுல பாதியை ஃபேக்டரியில இலை வாட்டிக் கழிச்சவன் நான். எது எவ்வளவு வாடினா அடுத்த மிஷினுக்குத் தள்ளலாம்னு தொட்டுப் பாத்தே சொல்லிருவேன். நான் இன்னும் அந்தப் பதத்துக்கு வரல தம்பி.

கூடை இருக்கு. பரண்ல கிடக்கு. அதை இறக்குததுக்கு முன்னால சில சங்கதி சொல்லுதேன். எம் பேத்தி காலேஜில வரலாறு படிக்கா. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ஃபோனைத் தடவித் தடவி எனக்கு வாசிச்சுக் காட்டுவா. அதனால மலையில கிடந்த பெரிசுக்கு என்ன தெரியப்போகுதுன்னு இருந்துராதிய.

நீங்க வந்த வழியில கல்லிடைக்குறிச்சி வந்துதுல்லா? அப்பளம் வாங்க இறங்கியிருப்பிய. கோயிலுக்குப் போனியளா? போகல. சரி. அங்க குலசேகரமுடையார் கோயில்ல ஒரு நடராஜர் உண்டு. 1982-ல கள்ளன் தூக்கிட்டுப் போயிட்டான். எங்க போனாருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. 2001-ல ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுக் கலைக்கூடம் காசு குடுத்து வாங்கி, விளக்குப் போட்டு நிப்பாட்டியிருக்கு. திருவாதிரை கிடையாது, களி கிடையாது, ஒரு சொம்புத் தண்ணி ஊத்த ஆள் கிடையாது. பாக்குத ஆளு மட்டும் உண்டு. 2019-ல திரும்பி வந்தாரு. கணக்குப் பாருங்க, 37 வருஷம். எப்படி வந்தாருங்கிய? பாண்டிச்சேரியில பிரெஞ்சு நிறுவனத்துக்காரவுக 1950-கள்ல கோயில் கோயிலா ஏறி இறங்கிப் போட்டோ எடுத்து வச்சிருந்தாவ. அந்தப் போட்டோ இல்லேன்னா இது எங்க சாமின்னு சொல்லதுக்கு நமக்கு வாயைத் தவிர வேற சாட்சி இல்ல. நம்ம வாயை எந்தக் கோர்ட்டு எடுத்துக்கிடும்?

அது ஏதோ கலைக்கூடம், பல்கலைக்கழகம் அப்படிச் செய்யுமான்னு தங்கச்சி முகத்தைச் சுளிக்கி. செய்யுமே தாயி. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துல அஷ்மோலியன்னு ஒரு அருங்காட்சியகம். 1683-ல திறந்தது, இங்க மதுரை நாயக்கரு வரி வாங்கிட்டிருந்த காலம். உங்க தொழிலுக்கே அதுதான் மூத்த வீடு. அவுக 1967-ல லண்டன் ஏலத்துல ஒரு திருமங்கையாழ்வார் சிலையை எடுத்தாவ. நம்ம கும்பகோணம் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோயில்ல இருந்த ஆழ்வாரு. கதைப்படி அவரே வழிப்பறிக்காரரு; பெருமாளையே மறிச்சு நகையைக் கழட்டினவரு. அவரைக் கழட்டிட்டுப் போனவன் எத்தனை பெரிய ஆளாயிருப்பான், யோசிச்சுப் பாருங்க. கோயில்ல நின்னுக்கிட்டிருந்தது நகல். சனம் அதுக்குத்தான் கும்பிடு போட்டுட்டு இருந்துருக்கு. அதுக்கும் அதே பாண்டிச்சேரிப் போட்டோதான், 1957-ல எடுத்தது, சாட்சி சொல்லிச்சு. ஆனா ஒண்ணு ஒத்துக்கிடணும்: ஆராய்ச்சிக்காரர் ஒருத்தர் எடுத்துக் காட்டினதும் அந்த அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதிச்சு. 2024-ல திருப்பித் தாரோம்னு பல்கலைக்கழகம் முடிவும் பண்ணிச்சு. களவுமாலுன்னு தெரிஞ்ச அப்புறமும் மூடி வைக்காம தானே வந்து சொல்லுத ஆளு இந்தக் காலத்துல எத்தனை பேரு?

ஆதிச்சநல்லூர்க் கதை உங்களுக்கே தெரியும். 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் வந்து தோண்டி, கிடைச்சதைப் பெர்லினுக்கு அனுப்பிட்டாரு. 1899-லேருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினாரு. அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. தாமிரபரணித் தண்ணி குடிச்சு, தாமிரபரணிக் கரையில தாழிக்குள்ள படுத்த மனுசன் சாமானு பாக்கணும்னா சென்னைக்கு டிக்கெட் எடு, இல்ல பாஸ்போர்ட் எடு. இப்பத்தான், 2023-லேருந்து, தோண்டின குழி மேலேயே கண்ணாடி போட்டு அந்தந்த இடத்துலயே காட்டுதாவ. நாத்துல பாதி ஊரு விட்டு ஊரு போன அப்புறம் வரப்பு கட்டின மாதிரி ஆச்சு. பரவாயில்ல, கட்டினாவளே.

அதனால முதல் சங்கதி: கூடைக்குப் போட்டோ எடுங்க, ரசீது எழுதுங்க. ரசீதுல யாரு கூடை, எத்தனை நாளைக்கு, கேட்டா எத்தனை நாளுல திரும்பும், மூணும் இருக்கணும். தமிழ்ல இருக்கணும். கையெழுத்து நான் மட்டும் போட மாட்டேன், நீங்களும் போடணும். இதுவரைக்கும் எங்க மலையில கையெழுத்துன்னா நாங்க மட்டும் போடுததுன்னு ஒரு வழக்கம்.

அப்புறம் அந்தச் சீட்டு. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ ஒட்டுவியளே. "தேயிலைக் கூடை. மூங்கில். மாஞ்சோலை." இதைத்தான எழுதப் போறிய? பேரு எங்க? அந்தக் கூடைக்கு ஆள் உண்டு தம்பி, எம் வீட்டுக்காரி. அடுப்படியில நின்னு நாம பேசுததைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. கொழுந்து நிறைஞ்சு கனத்துப் போனா தலைக்கயிறு நெத்தியை அறுக்கும். அதுக்காகப் பழைய சேலைக்கரையைக் கிழிச்சு அந்தக் கயித்து மேல சுத்தித் தச்சு வச்சிருக்கா. சிவப்புக் கரை. அது எந்தச் சேலைன்னு அவகிட்டக் கேளுங்க, பெரிய கதை வரும். அதுல என்னைப் பத்தியும் ரெண்டு வரி வரும், அதை எழுதிக்கிடாதிய. மூங்கில்னு எழுதுத இடத்துல சேலைக்கரைன்னும் எழுதுங்க. அதை எழுதாத வரைக்கும் அந்தக் கூடை கடையில விக்குத கூடைதான்.

எங்களை ஏன் இப்போ எல்லாரும் தேடி வாராவன்னும் எனக்குத் தெரியும். போன ரெண்டு மூணு வருஷமா மாஞ்சோலைக்கு மவுசு கூடிப்போச்சு. ஆளு இருக்கையில வராத கேமரா, ஆளு இறங்கையில வந்துச்சு. வரலாறு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லுதேன், ரெக்கார்டர் ஓடட்டும். மலை சிங்கம்பட்டி ஜமீனோடது. 1919-ல சென்னையில ஜமீன் வாரிசுக படிச்ச நியூயிங்டன் விடுதியில டி லா ஹேங்கிற வெள்ளைக்கார வாத்தியாரைச் சுட்டுக் கொன்னுட்டாவ. அந்த வழக்குல சிங்கம்பட்டிப் பேரும் அடிபட்டுது. வக்கீலுக்கு அழுத கடன்லதான் மலை கைமாறிச்சுன்னு இங்கன ஊர்ப்பேச்சு. எப்படியோ, 1929-ல எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கரு பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகை. பின்னால ஜமீன் ஒழிஞ்சு நிலம் சர்க்காருக்கு வந்துச்சு, குத்தகை ஒழியல. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு காட்டை வெட்டித் தேயிலை வச்சது எங்க பாட்டன்மாரு, பாட்டிமாரு. 2028-ல கெடு முடியுது. அதுக்கு முன்னாலயே 2024-ல கம்பெனி விருப்ப ஓய்வு அறிவிச்சு, ஆகஸ்டுக்குள்ள லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொல்லிச்சு. நான் அதுக்கு முந்தியே ஓய்வு வாங்கி இறங்கிட்டேன். அரசே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும்னு ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போனாவ. டிசம்பர்ல அது கைகூடாம போச்சு. இப்போ புலிக் காப்பகம். புலிக்கு நாங்க விரோதி இல்ல, அதுவும் எங்களை இதுவரைக்கும் பேட்டி கேக்கல.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ரெட்டியார்பட்டி மலையில அரசு பொருநை அருங்காட்சியகம் கட்டியிருக்கு. சிவகளையில தாழிக்குள்ள கிடந்த நெல்லு 3,200 வருஷத்துக்கு முந்தினதுன்னு கண்டுபிடிச்சாவல்லா, அந்த நாகரிகத்துக்கு அங்க மாளிகை. பெருமைதான், நானும் மாருதட்டிக்கிடுதேன். மாஞ்சோலைக்காரவுகளுக்கு அரசு காட்டுத அடுக்குமாடி வீடும் அதே ரெட்டியார்பட்டிப் பக்கம்தான். செத்தவுக சாமானுக்கும் உசிரோட இருக்கவுகளுக்கும் ஒரே ஊருல இடம். மாளிகை எது, மாடி எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வாரிய போறிய, நீங்களே பாத்துக்கிடுங்க.

சென்னையில முட்டுக்காட்டுல தக்ஷிணசித்ராவுக்குப் போயிருக்கியளா? 1996-ல திறந்தது. செட்டிநாட்டு வீடு, மலையாளத்து மரவீடு எல்லாத்தையும் பிரிச்சுக் கொண்டுபோயி அங்க எழுப்பியிருக்காவ. நம்ம ஆழ்வார்குறிச்சிப் பக்கத்து ஆம்பூர் அக்ரஹார வீடும் அங்க நிக்குதாம். பேத்தி சுற்றுலா போயிட்டு வந்து சொன்னா: "தாத்தா, நம்ம ஊரு வீடு கடல் பக்கத்துல நிக்குது." நல்ல வேலைதான், இடிஞ்சு மண்ணாப் போக இருந்ததைக் காப்பாத்தினாவ, அங்கன குயவரும் நெசவாளியும் உக்காந்து வேலை செய்து காட்டவும் இடம் குடுத்தாவ. நான் கேக்குதது வேற. எங்க லயத்தை அப்படித் தூக்கி வைக்க யாராச்சும் வருவாவளா? தேக்குத் தூணு கிடையாது, ஆத்தங்குடித் தரை கிடையாது. தகரக் கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி, கரிப்பிடிச்ச சுவரு. அழகில்லாத வீட்டுக்கு அருங்காட்சியகத்துல இடமில்லன்னா அப்போ நீங்க காட்டுதது வீடு இல்ல, மரவேலை.

நான் குத்தம் மட்டும் சொல்லுதேன்னு நினைக்காதிய. செய்யுத விதமாச் செய்தவுகளும் இருக்காவ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல கலை வரலாறு சொல்லிக் குடுக்குத தா. சனாதனன்னு ஒரு ஓவியரு. கனடாவுல வான்கூவர் ஊருல, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து மானிடவியல் அருங்காட்சியகத்துல 2010-ல ஒரு கண்காட்சிக்கு அவரைக் கூப்பிட்டாவ. அங்க பெரிய பெரிய மரத்தூணு செதுக்கி நிக்குத இடம். இவரு என்ன கொண்டு போனாரு? சிலையா? சீலையா? ஒண்ணும் கொண்டு போகல. அந்த ஊருக்குப் போயிச் சேந்த ஈழத்துத் தமிழ்ச் சனத்துக்கிட்ட, வீட்டை நினைச்சா உங்க கையில என்ன இருக்குன்னு கேட்டாரு. ஒவ்வொருத்தரும் குடுத்த சின்னச் சின்னச் சாமானைப் போத்தலுக்குள்ள போட்டு அடுக்கினாரு. அம்புட்டுத்தான். சனம் தாங்க குடுத்ததைத் தாங்களே வந்து பாத்துச்சு. பல்கலைக்கழகத்துக்குள்ள அதுவரைக்கும் கால் வைக்காதவனுக்கும் அங்கன ஒரு போத்தல் சொந்தம்.

அடுத்த வருஷம், 2011-ல, அவரு ஒரு புஸ்தகம் போட்டாரு. டச்சுக்காரன் காலத்து நிலப்பதிவேட்டுக்குத் தோம்புன்னு பேரு. அந்தப் பேருலதான் புஸ்தகம். சண்டையில வீட்டை விட்டு ஓடினவுகளை உக்கார வச்சு, விட்டுட்டு வந்த வீட்டை ஞாபகத்துலேருந்து தாளுல வரையச் சொல்லியிருக்காரு. வாசல் எங்க, கிணறு எங்க, முருங்கை எங்க. அந்தக் கோணல்மாணல் படத்தைக் கட்டடக் கலைஞர் ஒருத்தர் அளவு போட்டு வரைபடமாக்க, பக்கத்துல இவரு தன் படத்தை வரைஞ்சிருக்காரு. பத்திரம் எரிஞ்சு போனவனுக்கு அதுதான் பத்திரம்.

இதைப் பேத்தி வாசிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. ஏம்னா நம்ம கதைக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடையாது, ஆனா ஒரு இடக்கு உண்டு. லயம் எல்லாம் ஒரே அளவு. கம்பெனிக்கு ஒரு வரைபடம் போதும், ஊரு முடிஞ்சுது. நீங்க எங்களைக் கூப்பிட்டு வரையச் சொன்னா ஆளாளுக்கு அதே பெட்டியைத்தான் வரைவோம்னு நினைப்பிய. வரையச் சொல்லிப் பாருங்க! ஒருத்தி அம்மியைக் கதவுக்குப் பின்னால வச்சிருப்பா, ஏம்னா மழைக்காலத்துல வெளிய இறங்கி அரைக்க முடியாது. ஒருத்தன் விறகை உள்ள அடுக்கி, விறகுக்குப் பக்கத்துல பிள்ளையைப் படுக்க வச்சிருப்பான். விறகு காயணும், பிள்ளைக்கும் சூடு வேணும். ஒரு வீட்டுல மாதா படம், அடுத்த வீட்டுல சுடலைமாடன், அதுக்கு அடுத்த வீட்டுல அம்பேத்கர், அதுக்கடுத்தது மலையாளக் காலண்டர். கோழிக்கூண்டு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ரெண்டு குடும்பம் இன்னைக்கும் பேசிக்கிடாது. சுவரு ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சதுல எவன் ஆணி எவன் பக்கம் வந்துச்சுன்னு பஞ்சாயத்து நடந்துருக்கு. கம்பெனி வரைபடத்துல இது எதுவும் கிடையாது. இதை எடுத்து மாட்டுங்க உங்க சுவத்துல. ஐநூறு குடும்பத்துக்கு மேல இருந்துச்சு. ஒரே அளவுப் பெட்டி, ஐநூறு விதமான வீடு. மூடுபனிப் படத்தை அதுக்கப்புறம் மாட்டுவியளான்னு பாக்கேன்.

மூடுபனின்னதும் ஞாபகம் வருது. எங்க மலையைச் சொர்க்கம்னு மட்டும் எழுதிராதிய. மேல இருந்து இறங்கினவன் எல்லாம் இப்போ அப்படித்தான் பேசுதான், நான் உட்பட. மார்கழிக் குளிர்ல தகரத்துலேருந்து தண்ணி சொட்டுனதை மறந்துட்டான். வடகிழக்குப் பருவமழை வந்துட்டா ரேடியோவுல முதப் பேரு ஊத்து, இல்லேன்னா நாலுமுக்கு; தமிழ்நாட்டுலயே அதிக மழைம்பான், கேக்குதவன் குளுகுளுன்னு இருக்கும்னு ஏங்குவான். அந்த மழையில கொழுந்து எடுத்தவ காலைப் பாத்துருக்கியளா? அட்டை கடிச்ச தழும்பு முட்டி வரைக்கும் நிக்கும். சுண்ணாம்பும் புகையிலையும் மடியில இருந்தாத்தான் காட்டுக்குள்ள இறங்க முடியும். உங்க கண்காட்சி அறையில ஏசி உண்டுல்லா? நல்லாக் குளிர வையுங்க, தரையில ஈரச் சாக்கைப் போடுங்க, வாரவுக செருப்பைக் கழட்டிட்டு ஒரு மணி நேரம் நிக்கட்டும். அட்டைக்கு அனுமதி கிடைக்காது, அது எனக்கே தெரியும், வனத்துறை விடாது.

பாட்டு கேட்டிய. பாட்டு உண்டு, பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம்னு ஒண்ணு இருக்கு, இந்தச் சீமைப் பாட்டும் கதையும் சாமியாட்டமும் சேத்து வைக்குத வேலையை ரொம்ப காலமாச் செய்யுதாவ. முதல்ல அங்க போயிக் கேளுங்க. பக்கத்து வீட்டுல இருக்குததைப் பாக்காம மலை ஏறி வாரது ஆராய்ச்சியில ஒரு வகை.

இனிமேதான் முக்கியமான சங்கதி. தங்கச்சி, இதை எழுதிக்கோ. உங்க கண்காட்சியில சண்டை போட இடம் இருக்கா?

சிரிக்காதிய. நோட்டீசுல "மாஞ்சோலைச் சமூகம்"னு போட்டுருக்கிய. யாரு அது? கூடை சுமந்தவளும் கூடையை எடைபோட்டு ரெண்டு கிலோ கழிச்சவனும் ஒரே சமூகமா? பணத்தை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டவனும் கடைசி வரைக்கும் போடாதவனும் இன்னைக்கும் ஒரே பஸ்ஸுல முன்னும் பின்னுமா உக்காந்துதான் போறான். காடு காடாத் திரும்பட்டும்னு சொல்லுத வனக்காவலரும் நம்ம சீமைப் பிள்ளைதான், அவனையும் கூப்பிடணும். அப்புறம் காணிக்காரவுக. மயிலாறுல, இஞ்சிக்குழியில இருக்காவளே. தேயிலைக்கு முன்னால, கம்பெனிக்கு முன்னால, எங்க பாட்டன் அரிவாளோட ஏறுததுக்கு முன்னால அந்தக் காட்டுல நடந்தவுக. நாங்க எங்க மலை எங்க மலைங்கும்போது அவுக என்ன நினைப்பாவன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. நீங்க கேளுங்க. கேட்டு அதையும் மாட்டுங்க, எங்க கூடைக்கு நேர் எதுக்க.

சிங்கம்பட்டி ராஜாவையும் விட்டுராதிய. ஜமீன் ஒழிஞ்சு எத்தனையோ வருஷத்துக்கு அப்புறமும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில்ல ராஜ உடுப்புல வந்து உக்காருவாரு. சனம் மாட்டுவண்டி கட்டி, பஸ்ஸு பிடிச்சு, பாக்க வரும். கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல காலமானாரு. நாடு போச்சு, மலை போச்சு, உடுப்பும் தலைப்பாகையும் மட்டும் வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய வரும். கண்காட்சின்னா என்னன்னு இந்தச் சீமைக்கு நீங்க வந்து சொல்லிக் குடுக்கணுமாக்கும்!

1999 ஜூலை 23-ம் அங்க இருக்கணும். கூலிக்காகவும் ஜெயில்ல கிடந்த எங்க தோட்டத் தொழிலாளிகளை விடச் சொல்லியும் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போச்சு. போலீஸ் தடியடியில சனம் கொக்கிரகுளத்துல ஆத்துக்குள்ள விழுந்துச்சு. 17 பேரு உசிரு போச்சு. அதுல கைப்பிள்ளை ஒண்ணு. வருஷா வருஷம் அந்த நாளுல ஆத்துல பூ போடுதாவ. இதைப் பத்தி நான் நையாண்டி பேச மாட்டேன். நீங்க இதைக் கண்காட்சியில வைக்கத் தயங்குவிய, மேலிடத்துல கேக்கணும்பிய. கேளுங்க. வேண்டாம்னு பதில் வந்தா, அந்தப் பதில் காயிதத்தைச் சட்டம் போட்டு மாட்டுங்க. வெறுஞ்சுவரு வைக்காதிய.

திறப்பு விழான்னு ஒண்ணு வைப்பியல்லா. எப்போ? புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போதான துணைவேந்தருக்குத் தோது. எங்க ஆளு அன்னைக்கு எங்க இருப்பான்? ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் அம்பாசமுத்திரத்துல கொத்தவேலையில, ஒருத்தி நூறுநாள் வேலையில. ஞாயித்துக்கிழமை வையுங்க. மணிமுத்தாறுலேருந்து ஒரு வண்டி ஏற்பாடு பண்ணுங்க. முன்வரிசை நாற்காலியில துண்டு போட்டுப் "பேராசிரியர்கள்"னு ஒட்டாதிய. எங்க கிழவிமாருக்குக் காது கேக்காது, அவுகதான் முன்னால இருக்கணும். வாசல்ல நிக்குத செக்யூரிட்டித் தம்பிகிட்ட, வெத்தலை போட்டுக்கிட்டு ஒருத்தி வந்தா மறிக்கக் கூடாதுன்னு சொல்லி வையுங்க. அவ கூடைதான் உள்ள இருக்கு. பொன்னாடை வேண்டாம். அந்தத் துணி குளிருக்கும் ஆகாது, துடைக்கவும் ஆகாது. டீ குடுங்க. அந்த நூல் கட்டின பொட்டலத்தை வெந்நியில முக்கித் தராதிய, தேயிலைக்காரன் மானம் போயிரும். தூளைப் போட்டுக் கொதிக்க வச்ச டீ.

விழான்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. வங்காளத்துல சாந்திநிகேதன்ல விஸ்வபாரதின்னு ஒரு பல்கலைக்கழகம், தாகூர் வச்சது. அங்க கலாபவனத்துல டிசம்பர் முதல் ரெண்டு நாள் நந்தன் மேளான்னு நடத்துதாவ. வாத்தியாரும் மாணவரும் செய்ததைக் கைக்கு எட்டுத விலையில விக்காவ, வந்த காசு மாணவர் உதவிக்குப் போகுது. அதே வளாகத்துல திறந்தவெளியில ராம்கிங்கர் பெய்ஜ் 1938-ல செய்த ஒரு சிலை: சாந்தால் குடும்பம். சிமென்டும் செம்புறாங்கல்லும் குழைச்சு அடிச்சது. ஆம்பிளை தோளுல காவடி, காவடித் தட்டுல பிள்ளை, பொம்பளை தலையில கூடை, கூடவே ஒரு நாயி. குடும்பத்தோட எங்கயோ போறாவ. கண்ணாடிப் பெட்டி கிடையாது, மழையும் வெயிலும் அந்தச் சனத்துக்கு எப்படியோ அப்படித்தான் சிலைக்கும். பேத்தி படத்தைக் காட்டினதும் எம் வீட்டுக்காரி சொன்னா: "இவ கூடையை எதுக்குத் தலையில வச்சிருக்கா, முதுகுல மாட்டலாம்லா?" அதுதான் தம்பி விமர்சனம். உங்க வருகைப் பதிவேட்டுல "மிக அருமை"ன்னு எழுதுத ஆளை விட, இப்படிக் கேக்குத ஆளு நாலு பேரு வந்தா உங்க கண்காட்சி தேறிரும்.

சரி, கூடை. குடுப்பேன். ஆனா உங்க கமிட்டியில எங்க ஆளு ரெண்டு பேரு இருக்கணும், அதுல ஒருத்தி எம் வீட்டுக்காரி. அவ எழுதப் படிக்க மாட்டா, ஆனா எதை மாட்டக் கூடாதுன்னு நல்லாச் சொல்லுவா. நாளு முடிஞ்சதும் கூடை வீட்டுக்கு வந்துரணும். மழைக்காலம் வருது, விறகு அள்ள வேணும். வாடகைன்னு பெரிசா ஒண்ணும் வேண்டாம், மாசக் கணக்குல பேசி முடிச்சுக்கிடலாம். தயவுசெய்து 99 வருஷக் குத்தகைன்னு மட்டும் காயிதத்தை நீட்டிராதிய.